துப்பாக்கி ஸ்கோப்: எத்தனை மடங்கு என்பதைவிட முக்கியமானவை

அமெரிக்காவின் வயோமிங், கொலராடோ மாநிலங்களில் மியூல் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் பல இடங்களில் மறைந்து நெருங்க வழியில்லாத வெட்டவெளியில் நிற்க வேண்டியிருக்கும். 400, 500 மீட்டரிலிருந்து சுட ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது, மேலே உள்ள டரட்டை, அதாவது குறியை ஏற்றி இறக்கும் குமிழைத் திருகினால் குறி சொன்ன அளவு நகருமா என்பது.

10 மடங்கில் பார்த்தால் 500 மீட்டரில் நிற்கும் மான், வெறுங்கண்ணுக்கு 50 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். இதயமும் நுரையீரலும் உள்ள 25 செ.மீ. பகுதியைக் குறிபார்க்க அது தாராளம். 25 மடங்கு வைத்தால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். வெயில் நேரத்தில் கானல் அலையும் சேர்ந்து பெரிதாகி, மான் தண்ணீருக்குள் நிற்பதுபோல நெளியும்.

வெளிச்சமும் குறையும். ஸ்கோப்பைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக் கண்ணருகு லென்ஸைப் பாருங்கள்: நடுவில் சிறு ஒளிவட்டம் மிதக்கும். முன்பக்க லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வருவது அதன் அளவு. 50 மி.மீ. லென்ஸுக்கு 10 மடங்கில் 5 மி.மீ., 25 மடங்கில் வெறும் 2 மி.மீ. அந்தி மங்கலில் கண்மணி 5 மி.மீ. அளவுக்கு விரிந்து காத்திருக்கும்போது 2 மி.மீ. வட்டம் வந்தால் மானும் புதரும் ஒரே நிழலாகிவிடும். 3–15 மடங்கு, 44 அல்லது 50 மி.மீ. லென்ஸ் என்பது இந்த வேலைக்குச் சரியான அளவு. குழாய் தடிமனாக இருந்தால் வெளிச்சம் கூடும் என்பது தவறு. 30 அல்லது 34 மி.மீ. குழாயால் கிடைப்பது, குறியை ஏற்றி இறக்க உள்ளே கூடுதல் இடம்.

அந்த இடம் ஏன் தேவை? குண்டு போகப் போகத் தாழ்கிறது. 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவைச் சுடும் துப்பாக்கியை 100 மீட்டரில் ஜீரோ செய்திருந்தால், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி அமைத்திருந்தால், 500 மீட்டருக்கு ஏறக்குறைய 3 மில் ஏற்ற வேண்டும். ஒரு மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 500 மீட்டரில் 50 செ.மீ. டரட் ஒருமுறை 'கிளிக்' என்று நகர்வது 0.1 மில் என்றால் 30 கிளிக். மில்லுக்குப் பதில் எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவையும் வாங்கலாம், தவறில்லை. ஆனால் உள்ளே தெரியும் கோடுகள் மில்லிலும் டரட் எம்ஓஏவிலும் இருக்கும் ஸ்கோப்பைத் தொடாதீர்கள்; மான் நகரும் நேரத்தில் கணக்குப் போட முடியாது.

ஸ்கோப்புக்குள் பிம்பம் விழும் இரண்டு தளங்களில் கோடுகள் எதில் உள்ளன என்பதையும் கேளுங்கள். முதல் தளத்தில் இருந்தால் கோடுகளும் பிம்பத்தோடு சேர்ந்து பெரிதாகும்; எந்த உருப்பெருக்கத்திலும் அவை காட்டும் அளவு மாறாது. இரண்டாம் தளத்தில் இருந்தால் ஒரே ஓர் உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். அதைப் பாதியாகக் குறைத்தால் 1 மில் கோடு 2 மில்லைக் காட்டும். டரட்டைத் திருகாமல் கோட்டை வைத்தே தாழ்வை ஈடுகட்டுகிறவர் இதை மறந்தால், மானின் முதுகுக்கு மேலே சுடுவார்.

அடுத்தது இடமாறு தோற்றப் பிழை. துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, தலையை மட்டும் மேலும் கீழும் நகர்த்துங்கள். குறிக்கோடு இலக்கின்மேல் வழுக்கினால், பிம்பமும் கோடும் ஒரே தளத்தில் விழவில்லை என்று பொருள். 100 மீட்டருக்கு நிலையாக அமைத்த 40 மி.மீ. ஸ்கோப்பில் 400 மீட்டர் இலக்கைப் பார்த்தால், கண் ஓரத்துக்கு விலகும்போது 6 செ.மீ. வரை தவறும். இதைச் சரிசெய்யும் குமிழ் பக்கவாட்டில் உள்ள ஸ்கோப் வாங்குங்கள். வழுக்கல் நிற்கும் வரை அதைத் திருகினால் சரியாகிவிடும்.

நல்ல ஸ்கோப்பையும் மோசமாகப் பொருத்திக் கெடுக்கலாம். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையங்களின் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்குவிசைக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி உள்ளிருக்கும் பாகங்கள் சிக்கிக்கொள்ளும். ரசமட்டம் வைத்துக் கோட்டை நேராக்குங்கள். துப்பாக்கி 3 டிகிரி சாய்ந்தால், 1.5 மீட்டர் ஏற்றத்துக்குக் குண்டு 8 செ.மீ. பக்கவாட்டில் போகும்.

பிறகு சோதனை. 100 மீட்டரில் உயரமான அட்டையை நிறுத்தி, தூக்குக்குண்டு கட்டி நேர்க்கோடு வரையுங்கள். அடியில் மூன்று தோட்டா சுட்டுவிட்டு 5 மில் ஏற்றி, குறிபார்க்கும் புள்ளியை மாற்றாமல் மறுபடி மூன்று சுடுங்கள். இரண்டு குண்டுத் துளைக் கூட்டங்களின் நடுவே 50 செ.மீ. இருக்க வேண்டும். 49 இருந்தால் டரட்டில் 2 விழுக்காடு குறை. அதைக் கணக்கில் சேர்த்துப் பயன்படுத்தலாம். மேல் கூட்டம் கோட்டை விட்டு ஒதுங்கினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. டரட்டை மீண்டும் ஜீரோவுக்குக் கொண்டுவந்து சுட்டால் முதல் கூட்டத்திலேயே விழ வேண்டும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் அந்த ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.