தென்புங்கை என்று ஒரு மரம் இல்லை

ஆஸ்திரேலியாவின் தீவு மாநிலமான டாஸ்மேனியாவின் காடுகளைப் பற்றிய ஓர் ஆவணப்படம். திரையில் பாசி போர்த்திய பெருமரங்கள், கீழே ‘தென்புங்கை மரங்கள்’ என்று தமிழ் வரி. இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது மூன்றாவது முறை. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவை ‘சதர்ன் பீச்’ மரங்கள். தாவரவியல் பெயர் நோத்தோஃபேகஸ். ஃபேகஸ் என்றால் லத்தீனில் ஐரோப்பாவின் பீச் மரம். நோத்தோஸ் என்றால் கிரேக்கத்தில் போலி. சிலி, அர்ஜென்டினா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, நியூ கினி, நியூ கலிடோனியா என இன்று சிதறிக் கிடக்கின்றன. அன்டார்க்டிகாவில்கூட இவற்றின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன.

சரி, புங்கை எங்கிருந்து வந்தது? நம் புங்கைக்கு ஆங்கிலத்தில் ‘இந்தியன் பீச்’ என்று ஒரு பெயர் உண்டு. அதைத் தலைகீழாகத் திருப்பி, பீச் என்றாலே புங்கை என்று முடிவுகட்டிவிட்டார்கள். புங்கையோ அவரைக் குடும்பம். தட்டையான காய், எண்ணெய் தரும் விதை, சங்கப் பாட்டில் பொரிக்கு ஒப்பான பூ. இரண்டுக்கும் உறவே கிடையாது. அதைவிட எனக்கு வலிப்பது வேறு. புங்கை என்று படித்ததும் நம் மனத்தில் வருவது சித்திரை வெயிலும் அதன் நிழலும். அந்த மரங்கள் நிற்பதோ ஓயாத மழையிலும் பனிமூட்டத்திலும். டாஸ்மேனியாவின் மலைகளில் ஓர் இனம் இருக்கிறது, அங்குள்ளவர்கள் வெறுமனே ‘ஃபேகஸ்’ என்பார்கள். விசிறி மடிப்புபோல வரிவரியாகச் சுருங்கிய சின்ன இலை. அங்கே இலையுதிர்காலமான ஏப்ரல் கடைசியில் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சிவந்து, குளிர்காலத்துக்கு முன் உதிர்ந்துவிடும். தென் அமெரிக்காவின் தென்கோடியான படகோனியாவில், இதே வகையைச் சேர்ந்த லெங்கா மரங்களும் அப்படியே மலைச்சரிவு முழுக்கச் சிவக்கும். இத்தனை அழகையும் ‘புங்கை’ என்ற ஒரு சொல் மறைத்துவிடுகிறது.

‘தென்னகப் பீச்’ என்றும் எழுதுகிறார்கள். தென்னகம் என்றால் நமக்குத் தென்னிந்தியா அல்லவா? ‘போலிப் பீச்’ சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிற்கும் ஒரு மரக்கூட்டத்தைத் தமிழில் போலி என்று அழைக்க எனக்கு மனமில்லை. ‘தென்பீச்சு’ போதும். பீச் என்றால் கடற்கரை என்று குழம்புவார்களே என்பவர்களுக்கு, பின்னால் ‘மரம்’ என்று சேர்த்தால் தீர்ந்தது. தனித்தமிழ்மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனால் வேறொரு மரத்தின் பெயரைப் பிடுங்கி ஒட்டுவது தனித்தமிழ் ஆகாது.

அப்புறம் அந்தக் காட்டின் பெயர்: ஆங்கிலத்தில் ‘கூல் டெம்பரேட்’, தமிழில் ‘குளிர் மிதவெப்பக் காடு’. குளிரா, வெப்பமா? ‘மிதக்குளிர்க் காடு’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்கும் முன் அந்த மரத்தின் படத்தை ஒருமுறை பார்க்கக் கூடாதா? நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் இந்த மரத்தைத் ‘தவாய்’ என்கிறார்கள். அந்த நாட்டைப் பற்றி எழுதும்போது நான் தவாய் என்றே எழுதுவேன், மற்ற இடங்களில் தென்பீச்சு.