பத்து மீட்டர் தெரியும் என்றால், எந்த ஆழத்தில், யாருக்கு?

முக்குளிக்கப் படகிலிருந்து குதிக்கும் முன் எல்லாரும் கேட்பது, "இன்று எவ்வளவு தூரம் தெரியும்?" என்பதுதான். "பத்து மீட்டர்" என்றால் முகம் மலரும். "மூன்று" என்றால் வாடும். குளிர்நீரில் ஸ்கூபா முக்குளிப்பு சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்த ஒற்றை எண்ணின் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. எந்த ஆழத்தில் பத்து மீட்டர்? முன்னால் போகிறவருக்கா, பின்னால் வருகிறவருக்கா? விரல் மரத்துப்போன பிறகு அந்தப் பத்து மீட்டரை வைத்து என்ன செய்ய முடியும்?

குளிர்ந்த நீர் என்றாலே கலங்கல் என்ற பேச்சு தவறு. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி செல்சியஸ்தான். பனியாறு உருகிய நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் வடிந்து வருவதால், அங்கே 100 மீட்டர் வரை கண்ணுக்கு எட்டுகிறது. குளிர்க் கடல்களைக் கலக்குவது பெரும்பாலும் உயிரினங்கள். ஊட்டச்சத்து நிறைந்த அந்த நீரில் வசந்தகால வெயில் பட்டதும் மிதவை நுண்ணுயிர்கள் பெருகி, கடல் பச்சை பூக்கிறது. புயல் கலக்காத பனிக்கால நாட்களில்தான், நம் பற்கள் கிடுகிடுக்கும்போதுதான், தண்ணீர் தெளிந்து நிற்கிறது.

நீர் அடுக்கடுக்காக இருப்பதையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை. கோடையில் ஏரியின் வெதுவெதுப்பான மேலடுக்கு கலங்கியிருக்கும். அதைத் தாண்டிக் குளிர் சுரீரென்று உறைக்கும் இடத்துக்குக் கீழே பளிங்குபோல் தெளிவு, ஆனால் கும்மிருட்டு. தெளிவு வேறு, வெளிச்சம் வேறு. 1865இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலிய வானியலாளர் வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் இறக்கி, எந்த ஆழத்தில் மறைகின்றன என்று அளந்தார். இன்றும் ஏரிகளில் அந்த முறை உண்டு. ஆனால் அது மேலிருந்து கீழே பார்க்கும் அளவு. 18 மீட்டர் ஆழத்தில் பக்கவாட்டில் உங்கள் இணை, அதாவது உடன் முக்குளிப்பவர், தெரிவாரா என்பதை அது சொல்லாது.

இருக்கிற தெளிவையும் நாமே கெடுக்கிறோம். நீர் புகாத ட்ரை சூட்டுக்குள் தடித்த உள்ளுடை அணிவதால் உடல் மிதக்கும், அதைத் தாழ்த்த எடை கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கிறது. பயத்தில் இன்னும் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்கிறார்கள். இடுப்பு தாழ்கிறது, தலை நிமிர்கிறது, காலில் மாட்டிய துடுப்புகள் தரையைப் பார்க்கின்றன. ஒவ்வொரு உதைக்கும் வண்டல் புகைந்து எழும்புகிறது. உதைத்தவருக்கு முன்னால் எல்லாம் தெளிவு. அவர் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இரண்டாமவருக்குச் சாம்பல் மூட்டம். மூன்றாமவருக்குத் தன் கையுறைகூடத் தெரியாது. மென்களிமண் என்றால் மணிக்கணக்கில் அடங்காது. எடையைக் குறையுங்கள், உடலைக் கிடையாக வையுங்கள், தவளையைப்போலக் காலைப் பக்கவாட்டில் விரித்து உதையுங்கள். நீந்தத் தெரிந்தவர்களுக்கு இது சலிப்பூட்டும் பாடம். எனக்கோ இதுதான் முதல் பாடம்.

டார்ச் விஷயத்திலும் ஒரு பழக்கம் தேவை. அதை முகத்தருகே பிடித்தால் மிதக்கும் துகள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைக் கண்ணுக்கே திருப்பியடிக்கும். கையை நீட்டி, பக்கவாட்டில், குறுகிய ஒளிக்கற்றையாக அடியுங்கள். தெளிந்த நீரில் பொருள்கள் அருகிலும் பெரிதாகவும் தோன்றும். கலங்கிய நீரிலோ, இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாக மூளை எண்ணிக்கொள்ளும். தூரத்தைக் கண்ணால் மட்டும் அளக்காதீர்கள்.

இணையோடு எவ்வளவு இடைவெளி? பார்வைத்தூரத்தில் பாதி என்பது என் கணக்கு. குளிர்நீரில் அதையும் குறைப்பேன். உருளையிலிருந்து வாய்க்குக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் உறைந்து காற்று நிற்காமல் பீறிட்டால், முகத்துக்கு முன்னால் குமிழிகளின் சுவர் எழும்பிவிடும். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தும் பயனில்லை. இணை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதானால், ஐரோப்பாவின் இ.என். 250 தரத்தில் குளிர்நீருக்கெனச் சோதிக்கப்பட்ட ரெகுலேட்டர்தானா என்று பாருங்கள்.

கையை நீட்டி, மீதிக் காற்றைக் காட்டும் அழுத்தமானியைப் படிக்க முடியவில்லையென்றால் முக்குளிப்பு முடிந்தது. படகுக்குக் கட்டிய பணம் அதற்கு எதிரான வாதமே அல்ல. இணையைத் தவறவிட்டால் ஒரு நிமிடம் சுற்றிலும் மேலும் கீழும் தேடுங்கள். பிறகு நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல் மேலே வந்து சந்தியுங்கள். இதைக் கரையிலேயே பேசி முடிவுசெய்துவிட வேண்டும். எதுவும் தெரியாத நீரில் தலை சுற்றும். மேல் எது, கீழ் எது என்று குழம்பும். இறங்குகயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆழத்தைக் காட்டும் முக்குளிப்புக் கணினியின் திரையை நம்புங்கள்.

திடீரென்று எல்லாம் மங்கினால், கடலைக் குறை சொல்லும் முன் மாஸ்க்கைப் பாருங்கள். வெளியே குளிர், உள்ளே மூச்சின் ஈரம், கண்ணாடி பனித்திருக்கும். சிறிது நீரை உள்ளே விட்டுக் கழுவி வெளியேற்றலாம். ஆனால் 4 டிகிரி நீர் கண்ணில் பட்டதும் மூச்சு திக்கும். ஆகவே அதை ஆழம் குறைந்த இடத்தில் முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.