'அடுத்த வாரம் தொடரும்' பகுதியை வெட்டிவிடாதீர்கள்

பழைய படச்சுருள்களைச் சரிபார்த்து டிஜிட்டலுக்கு மாற்றுவது என் தொழில். 1930, 40களின் அமெரிக்க அறிவியல் புனைவு சீரியல்களைச் சேர்ப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒவ்வொரு அத்தியாயத்திலும் போன வாரத்து முடிவு திரும்ப வருதே. அதை எடுத்துட்டு ஒரே படமா ஒட்டித் தர முடியுமா?"

தயவுசெய்து வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

இவை ஒரே மூச்சில் பார்க்க எடுத்தவை அல்ல. சனிக்கிழமை மதியக் காட்சியில் கார்ட்டூன், செய்திப் படம், ஒரு கௌபாய் படம் ஆகியவற்றோடு இருபது நிமிட அத்தியாயம் ஒன்றும் ஓடும். பெரும்பாலும் இரண்டு ரீல். 1936இல் யுனிவர்சல் எடுத்த 'ஃபிளாஷ் கார்டன்' 13 அத்தியாயம். பஸ்டர் க்ராப் நாயகன். 1938இல் வந்த அதன் அடுத்த தொடர் 15. முழுக்கதையையும் பார்க்க ஒரு சிறுவன் மூன்று மாதத்துக்கு மேல் வாராவாரம் கொட்டகைக்குப் போயாக வேண்டும்.

அத்தியாயம் முடியும்போது நாயகன் இருந்த வண்டி வெடித்துச் சிதறும். அடுத்த வாரம் அதே காட்சி மறுபடி வரும். ஆனால் நடுவில் ஒரு புது ஷாட் நுழைந்திருக்கும். வெடிப்பதற்கு முன்பே அவன் குதித்துவிட்டிருப்பான்! ஒரு வாரம் கழித்து யாருக்கு நினைவிருக்கும் என்ற துணிச்சல் அது. இரண்டில் எதை வெட்டினாலும் அந்தக் கைவேலை தடயமில்லாமல் போய்விடும். காட்சி இப்படி இரண்டு முறை வருவது எங்கள் வேலைக்கும் உதவுகிறது. ரீலின் தொடக்கமும் முடிவும்தான் அதிகம் தேய்ந்து கிழியும். ஏழாம் அத்தியாயத்தின் கடைசி ஷாட் கீறலாக இருந்தால், எட்டாம் அத்தியாயத்தில் திரும்ப வரும் அதே ஷாட் நன்றாக இருக்கலாம்.

வெட்டி ஒட்டும் வேலையை ஸ்டுடியோக்களே முன்பு செய்தன. 'ஃபிளாஷ் கார்டன்' சுருக்கப்பட்டு 'ராக்கெட் ஷிப்' என்ற படமானது. தொலைக்காட்சிக்குப் போனபோது அந்தத் தொடருக்கு 'ஸ்பேஸ் சோல்ஜர்ஸ்' என்று வேறு பெயர். ரிபப்ளிக் நிறுவனத்தின் 'கிங் ஆஃப் தி ராக்கெட் மென்' (1949) 12 அத்தியாயங்களிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் படமாகக் குறுக்கப்பட்டு 1951இல் வெளியானது. அதனால் பிரின்ட்டோ டிஸ்க்கோ வாங்கும் முன் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள்.

இந்த 'ராக்கெட் மென்' எனக்கு மிகப் பிடித்த தொடர். ரிபப்ளிக்கின் தந்திரக் காட்சி நிபுணர்களான லைடெக்கர் சகோதரர்கள் ஆள் உயரப் பொம்மையைக் கம்பியில் சறுக்கவிட்டு, திறந்த வெளியில், நிஜ வானத்தின் கீழ் நாயகன் பறக்கும் காட்சிகளை எடுத்தார்கள். அதே காட்சிகளை 1952இல் வந்த இரண்டு தொடர்களில் ரிபப்ளிக் மறுபடி பயன்படுத்தியது. மலிவு வேலை என்று இதை ஒதுக்குபவர்கள் உண்டு. நான் ஒதுக்கமாட்டேன். காரணம், 1933இல் வந்த 'டெல்யூஜ்' என்ற படம். நியூயார்க் நகரம் கடலில் அழியும் கதை. அந்த அழிவுக் காட்சிகளை ரிபப்ளிக் வாங்கித் தன் படங்களில் சேர்த்துக்கொண்டது. 'ராக்கெட் மென்' கடைசி அத்தியாயத்திலும் அவை உண்டு. பிறகு மூலப் படமே தொலைந்துவிட்டது. 1981இல் இத்தாலிய மொழி பேசும் பிரின்ட் ஒன்று கிடைக்கும்வரை, அந்தக் காட்சிகளை உயிரோடு வைத்திருந்தவை இப்படிக் கடன் வாங்கிய படங்கள்தாம்.

எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. மாயவித்தைக்காரர் ஹூடினி ஒரு இயந்திர மனிதனோடு மோதும் 'தி மாஸ்டர் மிஸ்டரி' 15 அத்தியாயங்களாக வெளிவந்தது. இன்று முழுமையாக இல்லை. 1950களின் தொடக்கம்வரை 35 மி.மீ. படங்கள் பெரும்பாலும் நைட்ரேட் சுருளில்தான் அச்சாயின. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். 1937 ஜூலையில், கடும் வெயில் காலத்தில், நியூஜெர்சியில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தது. அதன் மௌனப் படங்களில் பெரும்பகுதி அன்றே போயிற்று.

உங்களிடம் இப்படி ஒரு சுருள் வந்து சேர்ந்தால் முதலில் அகலத்தைப் பாருங்கள். 16 மி.மீ. என்றால் தீ பற்றிய பயம் அநேகமாக இல்லை. ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கும். 35 மி.மீ. சுருளின் ஓரத்தில் 'நைட்ரேட்' என்றிருந்தாலோ, படம் மங்கி, பிசுபிசுத்து, பழுப்புத் தூளாக உதிர்ந்தாலோ, வீட்டில் வைக்காதீர்கள். புரொஜெக்டரில் ஓட்டவே கூடாது. சாதாரண கூரியரிலும் அனுப்பாதீர்கள், அது சட்டத்துக்கும் புறம்பானது. அருகிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்தை அழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கும் அசிடேட் சுருளுக்கு வேறு நோய். டப்பாவைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை மூக்கில் ஏறும். ஒருமுறை தொடங்கினால் அது தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். பக்கத்துச் சுருள்களையும் கெடுக்கும். வாடை வரும் சுருளைத் தனியே பிரித்து, குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் மொட்டைமாடி அறையும் பரணும் அதற்கு மிக மோசமான இடங்கள். சுருங்கி வளைந்து போனாலும் தூக்கிப் போட வேண்டாம், அந்த நிலையிலும் ஸ்கேன் செய்ய முடிகிறது.

டப்பா மேல் எழுதியிருப்பதை அழிக்காமல் அத்தியாய எண்ணோடு படம் எடுத்து வையுங்கள். ஒரே அத்தியாயத்துக்கு இரண்டு பிரின்ட் இருந்தால் இரண்டையும் கொண்டுவாருங்கள். ஒன்றில் கிழிந்துபோன ஃபிரேம் மற்றதில் இருக்கும்.