எஸ்கேப் சூட்: தப்புவதற்கா, உய்வதற்கா?

நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் முடங்கிப் போனால், உள்ளே இருப்பவர்கள் தாங்களாகவே வெளியேறி மேலே வர ஓர் உடை இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சப்மரீன் எஸ்கேப் சூட் என்கிறார்கள். தமிழில் எழுதும்போது 'தப்பிக்கும் உடை', 'மீட்பு உடை', 'பாதுகாப்பு உடை' என்று கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். மூன்றும் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

எஸ்கேப் என்பதன் வேர் லத்தீன். 'எக்ஸ்' என்றால் வெளியே. 'காப்பா' என்றால் மேலே போர்த்தும் அங்கி. துரத்தி வந்தவன் அங்கியைப் பிடித்துவிட, அதை அவன் கையிலேயே விட்டுவிட்டு நழுவி ஓடுவதுதான் எஸ்கேப். அங்கியைக் கழற்றித் தப்புவதற்குப் பிறந்த சொல், இங்கே அங்கிக்குள் புகுந்து தப்புவதற்குப் பயன்படுகிறது. சூட் என்பது 'பின்தொடர்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒன்றோடொன்று இணையாக வரும் துணிகள், அவ்வளவுதான்.

இந்தச் சாதனத்துக்கு ஆங்கிலத்தில் பெயர்கள் வந்த வரிசை இன்னும் சுவையானது. பிரிட்டனில் ராபர்ட் டேவிஸ் உருவாக்கியதை 'அப்பரேட்டஸ்', அதாவது கருவி என்றார்கள். மார்பில் தொங்கும் ஒரு பை, அதற்கு ஆக்சிஜன். 1931-ல் சீனக் கரையருகே மூழ்கிய பொசைடன் நீர்மூழ்கியிலிருந்து சிலர் மேலே வந்தது இதை வைத்துத்தான். அமெரிக்கக் கடற்படை அதிகாரி சார்லஸ் மாம்சன் செய்தது 'லங்', நுரையீரல். 1960-களில் அதே கடற்படையைச் சேர்ந்த ஸ்டைங்கி செய்தது 'ஹூட்', தலையை மூடும் முக்காடு. அங்கே அப்புறம்தான் சூட் வந்தது. மூச்சை மட்டும் நினைத்தார்கள், பிறகு தலையை, கடைசியில் முழு உடம்பையும்.

முழு உடம்புக்கு ஏன் வந்தார்கள் என்பதற்கு ஒரு துயரமான இரவு இருக்கிறது. 1950 ஜனவரி 12 அன்று தேம்ஸ் முகத்துவாரத்தில் பிரிட்டனின் ட்ருகுலென்ட் நீர்மூழ்கி, திவினா என்ற எண்ணெய்க் கப்பலுடன் மோதி மூழ்கியது. பெரும்பாலோர் உள்ளிருந்து வெளியேறிவிட்டார்கள். தப்பித்தார்கள் என்றே சொல்லலாம். ஆனால் மேலே இருட்டு, குளிர்காலத் தண்ணீர், இழுத்துப்போகும் நீரோட்டம். 64 பேர் இறந்தார்கள். அவர்களில் பலரைக் கொன்றது கடலடி அல்ல, மேலே இருந்த குளிர்.

இன்றைய உடை இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் சேர்த்துத் தைக்கப்பட்டது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். இந்த உடை கணக்கில் வைக்கும் 180 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 19 மடங்கு. அங்கே நெஞ்சில் நிரப்பிய காற்று மேலே வர வர விரிந்துகொண்டே போகும். பயத்தில் மூச்சைப் பிடித்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அதனால்தான் முக்காடு. வெளியேறுபவர் அதற்கான அறைக்குள் நின்று, சட்டைக் கையில் இருக்கும் செருகியைச் சுவரிலுள்ள காற்றுக் குழாயில் பொருத்துகிறார். முகத்துக்கு முன்னால் கண்ணாடி போன்ற ஜன்னலுடன் முக்காடு உப்புகிறது. உடைக்குள் நிரம்பும் காற்று மிதப்பைத் தருகிறது. அறையில் தண்ணீர் ஏறி, உள்ளும் வெளியும் அழுத்தம் சமமானதும் மேல்மூடி திறக்கிறது. பிறகு நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் மேலே. வழி முழுக்க முக்காட்டுக்குள் இயல்பாக மூச்சு விடலாம். விரியும் காற்று வால்வு வழியாக வெளியேறிவிடும். அந்த அழுத்தத்தில் அதிக நேரம் நின்றால் நைட்ரஜன் ரத்தத்தில் கரைந்து, மேலே வந்ததும் குமிழிகளாக மாறி உயிருக்கே உலை வைக்கும். அதனால் எல்லாம் நொடிக்கணக்கில் முடிய வேண்டும். மேலே வந்தபின் அதே உடை குளிரைத் தடுக்கிறது. கூடவே ஒருவர் மட்டும் உட்காரும் காற்றடைத்த தெப்பமும் உண்டு.

சரி, தமிழுக்கு வருவோம். 'மீட்பு உடை' தவறு. நீர்மூழ்கித் துறையில் மீட்பு என்றால் வெளியிலிருந்து ஆட்கள் வந்து எடுப்பது. இந்த உடை, யாரும் வராதபோது தானாக வெளியேறுவதற்கு. 'பாதுகாப்பு உடை' தீயணைப்பவருக்கும் பொருந்தும், வெல்டிங் செய்பவருக்கும் பொருந்தும். 'தப்பு' பாதிதான் சொல்கிறது. தப்பு, பிழை இரண்டும் வினோதமான சொற்கள்: இரண்டுக்குமே குற்றம் என்றும் பொருள், உயிரோடு இருப்பது என்றும் பொருள். குறி தவறியது என்ற எண்ணம் உள்ளே கிடக்கிறது. ட்ருகுலென்ட் ஆட்களில் பலர் தப்பினார்கள், உய்யவில்லை.

'உய்' என்றால் ஆபத்தைக் கடந்து உயிரோடு நிற்பது. 'உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு' என்ற குறளில் வருகிற அதே உய்வு. உயிர் என்ற சொல்லும் இதே வேரடியில் வருவதுதான். ஆகவே நான் 'உய்வுடை' என்றே எழுதுகிறேன். உய்வை உடையது என்றும் பிரித்துப் படிக்கலாம் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. பழைய சொல் வேண்டுமென்பவர்களுக்கு முல்லைப்பாட்டில் யவனர்கள் அணிந்த 'மெய்ப்பை' இருக்கிறது. உடம்பு முழுவதையும் பைபோல் மூடும் இந்த உடைக்கு அது அப்படியே பொருந்தும், ஆனால் எதற்காக என்பதைச் சொல்லாது.

இன்னொன்று. 'மூழ்கிய நீர்மூழ்கி' என்று தலைப்புப் போடுவதை விட்டுவிடலாம். மூழ்குவதும் எழுவதும் அதன் அன்றாட வேலை. எழ முடியாமல் போனதுதான் செய்தி. அதற்கு 'முடங்கிய நீர்மூழ்கி' போதும்.