ரேடியோ வேலைக்கு எவ்வளவு கணிதம் வேண்டும்?

"சேர், ரேடியோ படிக்க இணைந்த கணிதம் வேணுமே?"

வெள்ளவத்தையில் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது யாராவது ஒரு அம்மா இதைக் கேட்காத மாதம் இல்லை. போன கிழமை கேட்டவரின் தங்கை மகன் நியூஜெர்சியில் இருக்கிறானாம். அமெரிக்க இராணுவத்தில் தொடர்பாடல் வேலைக்குச் சேர ஆசைப்படுகிறான்.

உயர்தர இணைந்த கணிதம் தேவையில்லை என்றேன். ஆனால் ஓ.எல். கணிதம் கைவசம் இருந்தே ஆகவேண்டும். இராணுவத்தில் சேர அவன் எழுதப்போகிற அஸ்வாப் என்ற தேர்வில், எலக்ட்ரோனிக்ஸ் சார்ந்த வேலைகளுக்கு அந்த இராணுவம் பார்க்கும் புள்ளி நான்கு பகுதிகளைக் கூட்டி வருவது: பொது விஞ்ஞானம், எண்கணிதம், கணித அறிவு, மின்னணு அறிவு. பாதி கணிதம்தான். சோல்டரிங் அயனோடு வளர்ந்த பிள்ளையும் வீதக் கணக்கில் சறுக்கினால் அந்தப் புள்ளி விழும்.

எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 150 மெகாஹேர்ட்ஸில் வேலை செய்யும் 5 வாட் ரேடியோ செட். ஒரு மாணவன் புறக்கோட்டையில் ஆர்ஜி-58 என்ற அன்டெனா வயர் 15 மீட்டர் வாங்கிவந்து அன்டெனாவை மொட்டைமாடியில் ஏற்றினான். மேலே அளந்தால் இரண்டரை வாட். "செட் பழுது சேர்" என்று மூடியையும் கழற்றிவிட்டான். நான் சோக்கட்டியைக் கையில் கொடுத்தேன். அந்த வயர் அந்த அலைவரிசையில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபல் விழுங்கும். 15 மீட்டருக்கு 3. மூன்று டெசிபல் என்றால் அரைவாசி.

"செட் நல்லாத்தான் இருக்கு தம்பி. மிச்சத்தை வயர் குடிச்சிட்டுது."

டெசிபல் என்பது வேறொன்றுமில்லை, பரீட்சை மண்டபத்தோடு நாங்கள் தலைமுழுகிய மடக்கைதான். பெருக்கலைக் கூட்டலாக்கித் தருகிறது. 3 கூடினால் இரண்டு மடங்கு, 3 குறைந்தால் அரைவாசி, 10 கூடினால் பத்து மடங்கு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பெரும்பாலான கணக்கை மனதாலேயே போட்டுவிடலாம். இராணுவத்தில் இதன் தேவை இன்னும் கூட. ஒருமுறை கோபுரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற வேலையல்ல அது. முகாம் நகர்ந்தால் அன்டெனாவும் நகரும், அலைவரிசை மாறினால் கம்பியின் நீளமும் மாறும்.

அந்த நீளக் கணக்கு சின்னதுதான். 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 150க்கு 2 மீட்டர், கால் அலை 50 சென்ரிமீட்டர், வெட்டும்போது அதிலும் கொஞ்சம் குறைய. சின்னது என்று சொன்னாலும், நான் படிக்கிற காலத்தில் 7.1ஐ 71 என்று எழுதி, அரை அலைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் இருக்கவேண்டிய கம்பியை 2 மீட்டர் துண்டுகளாக நறுக்கியிருக்கிறேன். ஒரு புள்ளிக்கு ஒரு சுருள் செப்புக்கம்பி. சேர் ஏசவில்லை, சிரித்தார். அதுதான் இன்னும் மறக்கவில்லை.

நம்ம கொழும்பில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படையில் ராடார் பயிற்றுநராக இருந்தவர். 1945இல், பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் செய்மதிகளை வைத்து உலகம் முழுக்கத் தொடர்பாடலாம் என்று எழுதினார். அந்தச் செய்மதி நிற்கும் உயரம் 35,786 கிலோமீட்டர். பிள்ளைகளிடம் இதைக் கொடுத்து, "ஓவர்" என்று நீ சொன்னது மற்றப் பக்கம் கேட்க எவ்வளவு நேரம் என்று கேட்பேன். ஏறி இறங்க ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர், ஒளி செக்கனுக்கு 3,00,000. கால் செக்கன் வரும். வெறும் வகுத்தல்தான், ஆனாலும் விடை வந்ததும் வகுப்பு ஒருகணம் அமைதியாகிவிடும்.

அந்த அம்மாவிடம் சொன்னேன்: தரம் 10, 11 புத்தகத்தில் விகிதம், மடக்கை, சூத்திரத்தின் எழுவாய் மாற்றல், இந்த மூன்றையும் ஒரு மாதம் கல்குலேட்டர் தொடாமல் செய்யச் சொல்லுங்கோ.

"அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே சேர்."

"அரசாங்கப் புத்தகம் இங்கிலீஷிலயும் இருக்கு. போனிலயே அனுப்பலாம்."