கிராசுலேசியே: தடிப்பிலைக் குடும்பம்

லத்தீனில் ‘கிராசஸ்’ என்றால் தடித்தது, பருத்தது. அதனோடு சிறுமை காட்டும் ‘உலா’ விகுதி சேர்ந்தால் ‘கிராசுலா’. செல்லமாகக் குட்டித் தடிச்சி என்று வைத்துக்கொள்ளலாம். 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் ‘ஸ்பீசீஸ் பிளாண்டாரம்’ நூலில் இந்தப் பெயரில் ஒரு செடிப் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பை, பதிவு செய்தார். ஒரு பேரினத்தை மாதிரியாக வைத்து, அதன் பெயரோடு ‘ஏசியே’ என்ற ஈற்றைச் சேர்த்தால் குடும்பப் பெயர் கிடைத்துவிடும். அப்படி 1805இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜோம் சேன்-இலேர் வைத்த பெயர்தான் கிராசுலேசியே. தமிழில் சிலர் கிராசுலேசி என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் ஒன்றுதான்.

சுமார் 35 பேரினங்களும் 1,400 சிற்றினங்களும் கொண்ட குடும்பம் இது. சீடம், எக்கிவேரியா, கலஞ்சோ, செம்பர்வைவம் ஆகியவை இதில் பலருக்கும் தெரிந்தவை.

தமிழில் இவற்றைச் ‘சதைப்பற்றுத் தாவரங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. தவறில்லை, ஆனால் போதாது. சதைப்பற்று என்பது உடல்வாகு. கிராசுலேசியே என்பது பரம்பரை. சப்பாத்திக்கள்ளிக்கும் சோற்றுக்கற்றாழைக்கும் சதைப்பற்று உண்டு, ஆனால் அவை இந்தக் குடும்பத்தோடு எந்த உறவும் இல்லாதவை. உறவை உறுதி செய்யப் பூவைத்தான் பார்க்க வேண்டும். எத்தனை அல்லி இதழ்களோ அத்தனை சூலக இலைகள், அதாவது விதை உருவாகும் பெண் உறுப்புகள். அவை பெரும்பாலும் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் தேன் சுரக்கும் சிறு செதில் ஒன்று ஒட்டியிருக்கும். கைக்கண்ணாடி இருந்தால் போதும், தெரிந்துவிடும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? லத்தீன் வேரின் பொருளைப் பார்த்தால் ‘கொழுவிலை’ நல்ல சொல்லாகத்தான் படுகிறது. ஆனால் படிக்கிறவர் அதைக் கொள்ளை விலை என்று எடுத்துக்கொள்வார். ‘தடியிலை’ என்றால் கையில் கம்பு வந்துவிடுகிறது. என் தேர்வு ‘தடிப்பிலைக் குடும்பம்’. ஆய்வுக் கட்டுரையில் கிராசுலேசியே அப்படியே இருக்கட்டும். குடும்பப் பெயர் உலகம் முழுவதற்கும் ஒன்று. பொது வாசகருக்கு எழுதும்போது தமிழ்ப் பெயரை முன்னால் வைக்கலாம்.

இந்தக் குடும்பத்தில் தமிழுக்கு நன்றாகப் பழக்கமான செடி ரணகள்ளி. பெயரில் கள்ளி இருக்கிறதே தவிர, இலையைக் கிள்ளினால் கள்ளிப்பால் வராது, நீர்தான் கசியும். இலை விளிம்பில் வளைவு வளைவாகப் பள்ளங்கள் இருக்கும். இலையைப் பறித்து ஈர மண்ணில் போட்டால் ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும் வேரோடும் இலையோடும் ஒரு குட்டிச் செடி எழும். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று இதற்கு வழங்கும் இன்னொரு பெயரை எந்த ஆய்வாளராலும் மிஞ்ச முடியாது. இதற்கு வைத்த ‘பிரையோஃபில்லம்’ என்ற அறிவியல் பெயரும் துளிர்க்கும் இலை என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து எடுத்ததுதான். இப்போது பலர் இதைக் கலஞ்சோ பேரினத்தில் சேர்த்துவிடுகிறார்கள். கலஞ்சோ என்பது சீனப் பெயர் ஒன்றின் ஒலிபெயர்ப்பு என்பதே பொதுவான கருத்து. 1763இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் அடன்சன் அதைப் பேரினப் பெயராக்கினார்.

தாவரவியல் வரலாற்றில் ரணகள்ளிக்குத் தனி இடம் உண்டு. தரங்கம்பாடிக்கு மொராவிய மிஷனரியாக வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன், இதன் இலையை மென்று பார்த்தார். விடியற்காலையில் நல்ல புளிப்பு, நண்பகலில் சப்பென்று, மாலையில் இலேசான கசப்பு. இதை 1813இல் ஆங்கிலத் தாவரவியலாளர் லாம்பர்ட்டுக்குக் கடிதமாக எழுதினார். 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சாயிற்று. (நீங்கள் மென்று பார்க்க வேண்டாம். இதயத்தைத் தாக்கும் நச்சுப் பொருள்கள் இதில் உண்டு. மேய்ந்த மாடுகள் செத்திருக்கின்றன.)

புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். பகல் வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் நீர் போய்விடும் என்பதால் இந்தச் செடிகள் இரவில் திறக்கின்றன. உள்ளே வரும் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாக்கி, செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பையான வாக்குவோலில் விடியும்வரை சேர்த்துவைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு, அமிலத்தை உடைத்து வாயுவை விடுவித்து, வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை செய்கின்றன.

பாடநூல்கள் இதைக் ‘கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம்’ என்கின்றன. படிக்கும் மாணவர் கிராசுலேசிய அமிலம் என்று ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். அப்படி ஓர் அமிலம் கிடையாது. கிராசுலேசியே குடும்பத்தில் கண்டறிந்த அமில வளர்சிதைமாற்றம் என்பதே பொருள். போதாததற்கு இது அந்தக் குடும்பத்தின் தனிச்சொத்தும் இல்லை. அன்னாசியும் பல ஆர்க்கிடுகளும் கள்ளிகளும் இதையே செய்கின்றன. ‘இரவமில முறை’ என்றால் நடப்பதும் விளங்கும், குழப்பமும் தீரும்.

சீடத்தின் ஆங்கில நாட்டார் பெயர் ‘ஸ்டோன்கிராப்’. இதைக் ‘கற்பயிர்’ என்று பெயர்ப்பது பொருந்தாது. பின்பாதியில் உள்ள சொல் பழைய ஆங்கிலத்தில் செடியின் நுனியை, தளிரைக் குறித்தது. பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டு வளரும் செடிக்குப் ‘பாறைத்தளிர்’ பொருந்தும். சீடம் என்றே எழுதினால் குரு எங்கே என்று யாராவது கேட்கக்கூடும்.

பெயரைவிடப் பெரிய சிக்கல் சீடத்தின் உறவுமுறை. 1930இல் ஜெர்மன் தாவரவியலாளர் பெர்கர் இந்தக் குடும்பத்தை ஆறு துணைக்குடும்பங்களாகப் பிரித்தார். எங்கும் பொருந்தாததையெல்லாம் சீடத்தில் போட்டுவைப்பதும் நெடுநாள் வழக்கம். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபின் 2007இல் தாவரவியலாளர்கள் தீடேயும் எக்ளியும் ஆறை மூன்றாக்கினார்கள். சீடம் ஒரே கிளை இல்லை, எக்கிவேரியா போன்றவற்றின் ஊடே சிதறிக் கிடக்கிறது என்பதும் தெளிவாயிற்று. குரோமோசோம் எண்ணிக்கையும் இங்கே கட்டுக்கடங்காது: சீடம் சுவாவியோலென்ஸ் என்ற மெக்சிகோச் செடியில் அமெரிக்கத் தாவரவியலாளர் சார்லஸ் ஊல் எண்ணியது ஏறக்குறைய 640. மனிதருக்கு 46.