யூடிஆர் எண் பணத்தைத் திருப்பித் தராது: வெளிமாநில டீலரிடம் பழைய கார் வாங்குபவர்களுக்கு

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, கிளை திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பல ஆண்டுகளாக எங்களிடம் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் போர்வை வியாபாரி ஒருவர் தம் கைப்பேசியை என் மேசைமீது வைத்து, "மேனேஜர் சார், யூடிஆர் நம்பர் கையில் இருக்கிறது, இதை வைத்துப் பணத்தைத் திருப்பி எடுத்துவிடலாம் இல்லையா?" என்று கேட்டார். யூடிஆர் என்பது ஒவ்வொரு வங்கிப் பரிமாற்றத்துக்கும் தரப்படும் அடையாள எண். தில்லிப் பக்கத்து டீலர் ஒருவரிடம் ஏழு பேர் அமரக்கூடிய பழைய டீசல் கார் ஒன்றுக்காக வெள்ளிக்கிழமை மதியம் அவர் அனுப்பிய தொகை ரூ.6,85,000. சனிக்கிழமை லாரியில் ஏறுவதாக இருந்த வண்டி ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் டீலரின் எண் அணைக்கப்பட்டுவிட்டது. ஈரோட்டில் இருக்கும் என் கிளைக்கு இந்த ஆண்டு வந்த நான்காவது கதை இது. முதல் மூன்றின்போது ஆறுதல் சொன்னேன். நான்காவதற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என்னை அதிகம் வருத்தியது, அந்த வெள்ளிக்கிழமை எங்கள் கவுண்டரிலேயே அவர் எச்சரிக்கப்பட்டிருந்தார் என்பதுதான். கணக்கு எண்ணைப் பதிந்தபோது திரையில் டீலர் நிறுவனத்தின் பெயர் வராமல், ஒரு பெண்ணின் பெயர் வந்திருக்கிறது. எழுத்தர் அதைக் காட்டிக் கேட்டதற்கு, "அது அவர்களுடைய கணக்காளரின் கணக்கு, கம்பெனிக் கணக்கில் போட்டால் ஜிஎஸ்டி கூடுதலாக வருமாம்" என்று பதில் சொல்லிவிட்டு, படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

இவர் ஏமாளி அல்லர். நூல் விலையை அரை ரூபாய் வரை பேரம் பேசுபவர். அவரை வீழ்த்தியது பேராசை என்று ஊரார் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. ரொக்கமாகக் கொடுத்தால்தான் ஆபத்து, வங்கி வழியாக அனுப்பினால் பத்திரம் என்ற நம்பிக்கைதான் அவரை வீழ்த்தியது. நான்கு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஆர்.டி.ஜி.எஸ்.தானே செய்தேன் சார்!" இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.டி.ஜி.எஸ். என்பது இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள தொகையை உடனுக்குடன், திரும்பாத வகையில், ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்குக் கொண்டுசேர்ப்பதற்காகவே அமைக்கப்பட்ட ஏற்பாடு. பெறுபவரின் வங்கி அரை மணி நேரத்துக்குள் அவர் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும் என்பது விதி. 2020 டிசம்பர் முதல் இரவு பகல், விடுமுறை நாள் என்ற வேறுபாடும் இல்லை. வேகமும் திரும்பாமையும் இதன் சிறப்புகள். அவையேதான் மோசடிக்காரனுக்கும் வசதி. உங்கள் கையில் இருக்கும் 22 எழுத்துகள் கொண்ட யூடிஆர் எண், பணம் போய்ச் சேர்ந்தது என்பதற்கான அடையாளம். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அது சான்றாகும். சான்று வேறு, காப்பு வேறு. தபாலில் வரும் ஒப்புகை அட்டை கடிதம் சேர்ந்ததைச் சொல்லுமே தவிர, அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்காது.

"உங்கள் பேங்கிலிருந்து அந்த பேங்குக்குச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்கிறோம்; எதிர் வங்கிக்குக் கோரிக்கை அனுப்புகிறோம். ஆனால் அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல், அல்லது காவல்துறையோ நீதிமன்றமோ ஆணையிடாமல், வரவான பணத்தை அந்த வங்கி எடுத்துத் தர முடியாது. யாரோ ஒருவர் கேட்டார் என்று உங்கள் கணக்கிலிருந்து நாங்கள் எடுத்துக் கொடுத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

மூன்று நாட்களுக்குள் புகார் கொடுத்தால் வங்கி முழுத் தொகையையும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதாக இன்னொருவர் வாதிட்டார். 2017 ஜூலையில் வந்த அந்தச் சுற்றறிக்கை, உங்கள் அனுமதி இல்லாமல் நடந்த பரிமாற்றங்களுக்கானது. நீங்களே வரிசையில் நின்று, நீங்களே கையெழுத்திட்டு, அல்லது நீங்களே ஓடிபி இட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. ஏமாற்றப்பட்டு அனுமதி கொடுத்தாலும் வங்கியின் கணக்கில் அது அனுமதிதான். இது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கும் சில சமயம் அப்படித் தோன்றுவதுண்டு.

அடுத்தது பெயர். நீங்கள் படிவத்தில் பெறுபவர் பெயரை எவ்வளவு அழகாக எழுதினாலும், வரவு வைப்பது கணக்கு எண்ணை மட்டுமே வைத்துத்தான். 2010 முதல் இதுவே நடைமுறை. நிறுவனத்தின் பெயரை எழுதி வேறு யாருடைய கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் பணம் அந்த எண்ணுக்குத்தான் போகும். இந்த ஓட்டையைக் கருதித்தான், அனுப்புவதற்கு முன்பே கணக்குக்காரரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை ஆர்.டி.ஜி.எஸ்., அதுபோன்ற இன்னொரு பரிமாற்ற முறையான நெஃப்ட் இரண்டுக்கும் 2025 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. கைப்பேசியில் அனுப்புபவருக்கும், கிளைக்கு வருபவருக்கும் கட்டணமின்றி அது உண்டு. ஆனால் அது பெயரைக் காட்டும். உங்கள் கையைப் பிடித்துத் தடுக்காது. திரையில் வேறு பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கணக்காளர், மைத்துனர், பங்குதாரரின் மனைவி, "எங்கள் இன்னொரு கம்பெனி" என்று எந்த விளக்கம் வந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

"ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தேன், சரியாகப் போய்ச் சேர்ந்தது" என்பது இன்னொரு பெருமை. திருடனின் கணக்குக்கும் ஒரு ரூபாய் சரியாகவே போய்ச் சேரும். அந்தச் சோதனை, எண்ணை நீங்கள் தவறாகத் தட்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

ஜிஎஸ்டி கதையையும் முடித்துவிடுகிறேன். பழைய காரை விற்கும் பதிவு பெற்ற டீலர் பொதுவாகத் தம் கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் இடையிலான லாபத்தின் மீது 18 சதவீத வரி கட்டுகிறார். பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்பதைப் பொறுத்து அந்த வரி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. தனிநபர் கணக்கில் போடச் சொல்பவர் ஒன்று உங்களை ஏமாற்றுகிறார், அல்லது அரசை ஏமாற்றுவதற்கு உங்கள் பணத்தைப் பணயம் வைக்கிறார். அவருடைய ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி, ஜிஎஸ்டி இணையதளத்தில் நீங்களே இட்டுப் பாருங்கள்; அவர் அனுப்பும் சான்றிதழ்ப் படத்தை நம்ப வேண்டாம். பதினைந்து எழுத்துகளில் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: தில்லிக்கு 07, அரியானாவுக்கு 06, கர்நாடகத்துக்கு 29. அதன்பின் வரும் பத்தும் பான் எண். வங்கிக்காரர்களின் கண் ஆறாவது எழுத்துக்குத்தான் முதலில் போகும்: அது பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு நிறுவனம், சி என்றால் கம்பெனி. "பிரைவேட் லிமிடெட்" என்று பலகை வைத்திருப்பவரின் எண்ணில் அந்த இடத்தில் பி இருந்தால், பலகை ஒன்று, பதிவு வேறொன்று. தளத்தில் வரும் சட்டப்பூர்வமான பெயர் அல்லது வணிகப் பெயர், பணம் பெறும் கணக்கின் பெயர், விற்பனை பில்லில் உள்ள பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், அந்த டீலருக்கு அந்த வண்டியை விற்க உரிமை இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. ஆர்.சி. எனும் வண்டிப் பதிவுச் சான்றில் இருப்பது பெரும்பாலும் பழைய உரிமையாளரின் பெயர். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும் உரிமையாளர் அதைப் போக்குவரத்துத் துறைக்குத் தெரிவிக்கப் படிவம் 29சி உண்டு. அதையும் டீலரின் அங்கீகாரச் சான்றையும் கேளுங்கள். இல்லாதவர் எல்லாரும் மோசடிக்காரர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்போது பழைய உரிமையாளரிடம் நீங்களே பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டால் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் பதிவில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். கடன் இருந்தால், "நீங்கள் கொடுப்பதில் நாங்கள் கட்டிவிடுகிறோம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காமல், கடன் முடிப்புக் கடிதத்தை வாங்கி, அதில் உள்ள தொகையைக் கடன் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துங்கள். மீதியைத்தான் டீலருக்குக் கொடுக்க வேண்டும். கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 கைக்கு வரும்வரை அந்த வண்டி பாதிதான் உங்களுடையது.

தில்லி வண்டி ஏன் மலிவு என்பது பலருக்கும் தெரியும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் அங்கே பல ஆண்டுகளாக இருந்துவந்த கெடுபிடியால், அந்த வயதை நெருங்கும் கார்கள் தெற்கே வருகின்றன. எனவே குறைந்த விலை ஒன்றே மோசடியின் அறிகுறி ஆகாது. அதனால்தான் மோசடி அங்கே எளிதாக ஒளிந்துகொள்கிறது. இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரியையும், மறுபதிவு, லாரி வாடகைச் செலவுகளையும் கூட்டிப் பார்த்த பிறகும் லாபம் மிஞ்சுகிறதா என்பதை வாங்குபவரே பார்த்துக்கொள்ளட்டும்; அது என் துறை அன்று.

அப்படியானால் எப்படித்தான் பணம் கொடுப்பது? நேரில் போய்க் கொடுங்கள். ஈரோட்டில் கேரளா எக்ஸ்பிரஸில் ஏறினால் இரண்டு இரவுகள். ஆறு லட்சத்துக்கு முன்னால் அந்தப் பயணச் செலவு ஒன்றுமே இல்லை. போக முடியாவிட்டால், அந்த ஊரில் இருக்கும் உறவினரோ நண்பரோ போகட்டும். வீடியோ அழைப்பில் வண்டியைப் பார்ப்பது, வண்டி என்று ஒன்று எங்கோ இருக்கிறது என்பதைத்தான் காட்டும். முன்பணமாகச் சிறு தொகை, அதுவும் மேற்சொன்ன மூன்று பெயர்களும் பொருந்திய பிறகு, நிறுவனக் கணக்கில், எந்த வண்டிக்கு, எத்தனை நாளுக்கு, வாங்காவிட்டால் திரும்புமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு கொடுக்கலாம். அந்த முன்பணத்தை வைத்து, உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் பெயருக்குத் தடையின்மைச் சான்றை (என்.ஓ.சி.) உரிமையாளர் வாங்கி வைக்கட்டும். படிவம் 28இல் அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு என்.ஓ.சி.க்காக மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரில் போகும்போது, நிறுவனத்தின் பெயருக்கு எடுத்த வரைவோலையைக் கொண்டுபோவதே நான் பரிந்துரைக்கும் வழி. டி.டி. பழங்காலத்து வழக்கம் என்று இளைஞர்கள் சிரிக்கிறார்கள். வண்டி பிடிக்கவில்லையென்றால் அந்தத் தாள் உங்கள் பையிலேயே திரும்பி வரும். எங்களிடம் கொடுத்து ரத்து செய்து பணத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். அதன் ஆயுள் மூன்று மாதம். போலி டி.டி.யோ என்று டீலர் அஞ்சினால் அதிலும் நியாயம் உண்டு. அவருடைய வங்கி மூலம் எங்கள் கிளையைக் கேட்கச் சொல்லுங்கள். டி.டி.யை அவர் ஏற்கவே இல்லையென்றால், சாவி, அசல் ஆர்.சி., என்.ஓ.சி., உரிமை மாற்றத்துக்காகக் கையெழுத்திட்ட 29, 30 படிவங்கள் எல்லாம் மேசைமீது வந்த பிறகு, அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் ஆர்.டி.ஜி.எஸ். செய்யுங்கள். அரை மணி நேரம் அவரும் காத்திருப்பார், நீங்களும் காத்திருப்பீர்கள். புதிதாகச் சேர்த்த கணக்குக்கு உடனே பெருந்தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை என்பதால், பயனாளியை இரண்டு நாள் முன்னதாகவே சேர்த்து, உச்சவரம்பையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்புங்கள். "பாதியை ரொக்கமாகக் கொடுங்கள்" என்றால் மறுத்துவிடுங்கள். ஒரே பரிவர்த்தனையில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதை 2017 முதல் வருமான வரிச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பணம் போய்விட்டது என்று சந்தேகம் வந்த நொடியிலேயே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். கிளை திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்று இரண்டு நாள் மறைக்காதீர்கள். தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள். புகார் பதிவானதும் பணம் போன கணக்குகளை முடக்கச் செய்தி போகிறது. பணம் அங்கே இருக்கும்வரைதான் அந்த முடக்கத்துக்குப் பொருள் உண்டு. டீலர் உண்மையானவராக இருந்து, சொன்ன வண்டியைத் தராமல் இழுத்தடித்தால் அது வேறு வகை வழக்கு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். தில்லிக்கு அலைய வேண்டியதில்லை.

போர்வை வியாபாரிக்குச் சனிக்கிழமை இரவே சந்தேகம் வந்திருக்கிறது. "லீவு நாளில் யார் எடுப்பார்கள்" என்று நினைத்துத் திங்கட்கிழமை எங்களிடம் வந்தார். என் மேசையிலிருந்தே 1930ஐ அழைத்தோம். முடக்கப்பட்டபோது அந்தப் பெண்ணின் கணக்கில் மிஞ்சியிருந்தது ரூ.38,400, மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு முன்பே பல கணக்குகளாகப் பிரிந்து போய்விட்டது. அந்த முப்பத்தெட்டாயிரத்தை விடுவிப்பதற்கான நீதிமன்ற மனுவுக்கு எங்கள் கிளையின் கணக்கு அறிக்கை வேண்டும் என்று நேற்று மீண்டும் வந்திருந்தார். பெயரைக் காட்டி எச்சரித்த எழுத்தர்தான் அதை அச்சிட்டுக் கொடுத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.